கல் வெளியேறிய பிறகும் கவனம் தேவை: சிறுநீரகக் கல் பற்றி ஆய்வுகள் சொல்வது என்ன?



நம் அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி விண்ணப்பங்களைப் பார்த்து வரும் எங்களுக்குச் சில பெயர்கள் இரண்டாவது முறையாகக் கண்ணில் படுகின்றன. அவற்றுள் சிறுநீரகக் கல்லுக்கான விண்ணப்பங்களும் உண்டு. முதல் முறை கல்லை எடுத்ததும் நோய் தீர்ந்தது என்று குடும்பத்தார் நினைத்துக்கொள்கிறார்கள். உதவித் தொகையை வழங்கிய நாங்களும் அப்படியே நினைத்து ஃபைலைக் கட்டி வைத்துவிடுகிறோம். இரண்டு மூன்று வருடம் கழித்து அதே சகோதரர் மறுபடியும் ஸ்கேன் ரிப்போர்ட்டுடன் வந்து நிற்கிறார்.

சென்ற கோடையில் அப்படி வந்தவர், வளைகுடாவில் ஓட்டுநராக இருந்து ஊர் திரும்பிய ஒரு சகோதரர். இரண்டாவது முறை வலி வந்தபோது, யாரோ சொன்ன சாற்றை ஐந்து நாள் குடித்துப் பார்த்திருக்கிறார். மூன்றாம் நாளே குளிர்காய்ச்சல் வந்தும், சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். மருத்துவமனைக்குக் கொண்டுபோனபோது கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு வாரம் இருந்தார். வீட்டு நகை முழுவதும் அடகுக்குப் போனது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் பிழைத்தார். "முதல் தடவையே இதையெல்லாம் யாராவது எங்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று அவர் மனைவி எங்களிடம் கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆகவேதான் இந்தக் கட்டுரை.

கல் எப்படி உண்டாகிறது?

சிறுநீரில் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்ற பொருட்கள் கரைந்திருக்கின்றன. நீர் போதிய அளவில் இருக்கும்வரை அவை கரைந்தபடியே வெளியேறிவிடும். நீர் குறைந்தால் சர்க்கரைப் பாகு ஆறும்போது கற்கண்டு படிவதைப் போல அவை படிகமாகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகின்றன.

எல்லாக் கல்லும் ஒரே வகை அல்ல. பெரும்பாலானவை கால்சியம் சேர்ந்த கற்கள். அவற்றிலும் கால்சியம் ஆக்சலேட் கல்தான் அதிகம். அடுத்தது யூரிக் அமிலக் கல். உடல் பருமன், சர்க்கரை நோய், கீல்வாதம் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருபவர்களுக்குத் தொற்றினால் உண்டாகும் கல் வரலாம். இவற்றைத் தவிர, பரம்பரைக் குறைபாட்டால் வரும் கற்களும் உண்டு. எந்த வகை என்பதைப் பொறுத்தே தடுக்கும் வழியும் மாறும். எனவே கல் தானாக வெளியேறினாலும், மருத்துவர் எடுத்தாலும், அதை வீசிவிடாமல் சோதனைக் கூடத்துக்குக் கொடுத்து வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முக்கியமான இன்னொரு செய்தி: தடுப்பு எதுவும் செய்யாமல் விட்டால், ஒருமுறை கல் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பத்து ஆண்டுகளுக்குள் மீண்டும் வருகிறது. கல்லை எடுப்பது அன்றைய வலிக்கான சிகிச்சை மட்டுமே. கல் உண்டாகும் காரணம் உடலில் அப்படியே இருக்கிறது.

வெயிலும் வளைகுடாவும்

வெயிலுக்கும் கல்லுக்கும் உள்ள தொடர்பை நம் பெரியவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். இப்போது ஆய்வுகள் அதைக் கணக்கோடு காட்டுகின்றன. அமெரிக்காவின் ஐந்து நகரங்களில் கல் நோயால் சிகிச்சைக்கு வந்த அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஆராய்ந்து 2014-ல் ஓர் ஆய்வு வெளியானது. வெப்பம் ஏறிய மூன்று நாட்களுக்குள்ளேயே கல்வலியுடன் வருவோர் அதிகரித்தது அதில் தெரிந்தது.

குவைத், ஈராக் பகுதிகளுக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கப் படைவீரர்களில் கல் நோய் வந்தவர்களைப் பற்றிய ஆய்வொன்று 2005-ல் வெளியானது. பாலைவனத்துக்குப் போய்ச் சேர்ந்து சராசரியாக 93 நாட்களில் அவர்களுக்கு வலி தொடங்கியிருந்தது. திடகாத்திரமான இளைஞர்களுக்கு மூன்றே மாதம்! கட்டட வேலைக்கும் வண்டி ஓட்டவும் வளைகுடா சென்று பல வருடங்களைக் கழிக்கும் நம் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். வீடியோ காலில் பேசும்போது, சாப்பிட்டாயா என்று கேட்பதோடு, தண்ணீர் குடித்தாயா என்றும் கேளுங்கள்.

உள்ளூரிலும் இதே நிலை உண்டு. கடைகளில் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பெண்களும், பள்ளிக்கூடம் போகும் பெண் பிள்ளைகளும், கழிப்பறை சரியில்லை என்பதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். இதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. கடை வைத்திருக்கும் சகோதரர்களும், பள்ளி, மதரஸா நிர்வாகத்தினரும் சுத்தமான கழிப்பறையும் குடிநீரும் ஏற்பாடு செய்து கொடுப்பது தங்கள் பொறுப்பு என்பதை உணர வேண்டும்.

எவ்வளவு தண்ணீர்?

இத்தாலியில் முதல் முறை கல் வந்த 199 பேரை இரு பிரிவாக்கி, ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தினமும் குறைந்தது இரண்டு லிட்டர் சிறுநீர் பிரியும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கும்படி ஒரு பிரிவினருக்குச் சொல்லப்பட்டது. மற்றப் பிரிவினருக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. 1996-ல் முடிவு வெளியானது. தண்ணீர் குடித்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கும், மற்றவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கும் மீண்டும் கல் வந்திருந்தது. செலவில்லாத ஒரு வழிக்கு இது பெரிய பலன்.

இப்போது சிறுநீரகச் சிறப்பு மருத்துவர்களின் வழிகாட்டுதல்கள், கல் வந்தவர்களுக்கு ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீர் பிரிய வேண்டும் என்கின்றன. எத்தனை டம்ளர் குடித்தோம் என்பதைவிட எவ்வளவு வெளியே போகிறது என்பதே சரியான கணக்கு. வியர்வையில் போவதை நாம் எண்ணுவதில்லை அல்லவா? மாதத்தில் ஒருநாள், ஒரு பழைய பாட்டிலில் 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து அளந்து பாருங்கள். அது முடியாவிட்டால் நிறத்தைப் பாருங்கள். வைக்கோல் போல வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. அடர் மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை. படுக்கப் போகும் முன் ஒரு டம்ளர் குடிப்பதும் நல்லது. இரவில்தான் சிறுநீர் அதிகம் கெட்டியாகிறது.

ஒரு எச்சரிக்கை: இதய நோய் உள்ளவர்கள், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தண்ணீரைக் கூட்டக் கூடாது.

பாலையும் தயிரையும் நிறுத்தலாமா?

கல் என்றால் கால்சியம். ஆகவே பால், தயிர், மோர் எல்லாவற்றையும் நிறுத்து என்பது நம் ஊரில் சொல்லப்படும் முதல் அறிவுரை. ஆய்வுகள் காட்டுவது இதற்கு நேர்மாறானது. 1993-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 45,000-க்கும் மேற்பட்ட ஆண்களைக் கவனித்தபோது, உணவில் கால்சியம் அதிகம் சேர்த்தவர்களுக்கே கல் குறைவாக வந்திருந்தது. 2002-ல் வெளியான இத்தாலிய ஆய்வு இதை நேரடியாகவே சோதித்தது. கல் நோயுள்ள 120 ஆண்களில் பாதிப் பேருக்குக் கால்சியத்தைக் குறைத்த உணவு. மீதிப் பாதிக்கு வழக்கமான அளவு கால்சியமும், குறைந்த உப்பும், குறைந்த இறைச்சியும் உள்ள உணவு. ஐந்தாண்டு முடிவில், கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கும், மற்ற 60 பேரில் 12 பேருக்கும் மீண்டும் கல் வந்தது.

இது எப்படி? உணவில் உள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடுகிறது. பால், தயிரை நிறுத்தினால் பிடிக்க ஆளில்லாத ஆக்சலேட் இரத்தத்தில் சேர்ந்து சிறுநீரகத்துக்கு வருகிறது. ஆகவே சாப்பாட்டோடு தயிரோ மோரோ சேர்ப்பது நல்லது. கால்சியம் மாத்திரை வேறு விஷயம். அதை மருத்துவர் சொன்னால் மட்டும், உணவோடு சேர்த்து எடுக்க வேண்டும். சத்து மாத்திரை என்று வைட்டமின் சி மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடும் ஆண்களுக்குக் கல் வரும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காவதாக 2013-ல் சுவீடன் ஆய்வொன்று தெரிவித்தது.

தக்காளியையும் பலர் ஒதுக்குகிறார்கள். தக்காளியில் ஆக்சலேட் குறைவுதான். அதிகம் உள்ளவை பசலைக்கீரை, பீட்ரூட், பாதாம், முந்திரி போன்றவை. ஆக்சலேட் கல் உள்ளவர்கள் இவற்றை அளவோடு, தயிருடன் சேர்த்துச் சாப்பிடலாம்.

உண்மையில் குறைக்க வேண்டியது உப்பு. உப்பு அதிகமானால் சிறுநீரில் கால்சியமும் அதிகமாகப் போகும். கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் நொறுக்குத் தீனி ஆகியவற்றைக் கவனியுங்கள். அடுத்தது இறைச்சி. தினமும் ஆடு, மாடு, கோழி என்று சாப்பிட்டால் யூரிக் அமிலம் கூடும். கல் உருவாவதைத் தடுக்கும் சிட்ரேட் என்ற பொருள் குறையும். இறைச்சியை விட்டுவிட வேண்டியதில்லை. பிரியாணி விருந்துக்கு மறுநாளும் இறைச்சி என்று தொடராமல், காய்கறிக்கு இடம் கொடுங்கள்.

சிட்ரேட் எலுமிச்சையில் நிறைய இருக்கிறது. இத்தாலியின் பெர்காமோவில் நடந்து 2022-ல் வெளியான ஆய்வில், தினம் இரு வேளை 60 மில்லி எலுமிச்சைச் சாறு கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இருக்கும் அறிகுறி தெரிந்தது. ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வரவில்லை. நாளாக ஆக, பலர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். எலுமிச்சை நீர் குடியுங்கள், தவறில்லை. அதில் உப்பும் நிறையச் சர்க்கரையும் போட்டுக் குடித்தால் நோக்கம் கெட்டுவிடும்.

நோன்பு மாதத்தில்

ரமளானில் கல் நோய் கூடுகிறதா என்று பல முஸ்லிம் நாடுகளில் ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. ஆனால் பகலில் நீர் அருந்தாதபோது சிறுநீர் கெட்டியாகிறது என்பதில் ஐயமில்லை. ஆகவே கல் வந்தவர்கள் இஃப்தார் முதல் ஸஹர் வரையிலான நேரத்தை வீணாக்கக் கூடாது. ஒரே மூச்சில் குடித்து வயிற்றை நிரப்பாமல், மணிக்கு ஓரிரு டம்ளராகப் பிரித்துக் குடியுங்கள். தராவீஹுக்குப் போகும்போது தண்ணீர் பாட்டிலைக் கையோடு கொண்டு செல்லுங்கள். நோன்புக் கஞ்சி நல்லது; அதோடு வரும் வடை, சமோசாவின் உப்பைக் குறையுங்கள். பகலில் வெயிலில் அலையும் வேலையை முடிந்தவரை ஒத்திப்போடுங்கள்.

கல்லால் வலி இருப்பவர்களும், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்களும், ஒரே சிறுநீரகம் உள்ளவர்களும் நோன்புக்கு முன்பே மருத்துவரிடம் ஆலோசனை கேளுங்கள். நோயுற்றவர் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளும் சலுகையை மார்க்கமே தந்திருக்கிறது. அந்தச் சலுகையைப் பயன்படுத்துவது ஈமானின் குறைவு என்று யாரும் எண்ண வேண்டாம். ஐயம் இருந்தால் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

சிகிச்சை முறைகள்

வலி வந்தவுடன் சி.டி. ஸ்கேன்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. 2014-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 2,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஒப்பிட்டபோது, முதலில் சாதாரண அல்ட்ராசவுண்ட் எடுத்தவர்களுக்கு அதனால் கூடுதல் ஆபத்து எதுவும் நேரவில்லை. உடலில் பட்ட கதிர்வீச்சும் குறைந்தது. தேவைப்பட்டால் மருத்துவர் அடுத்து சி.டி. எடுக்கச் சொல்வார்.

5 மில்லிமீட்டருக்குக் குறைவான கற்களில் பெரும்பாலானவை தானாகவே வெளியேறிவிடும். இதற்கு வலி மருந்தும், சில வாரப் பொறுமையும், மருத்துவரின் கண்காணிப்பும் போதும். சிறுநீர்க்குழாயைத் தளர்த்திக் கல்லை இறக்கும் டாம்சுலோசின் மாத்திரை பரவலாகத் தரப்படுகிறது. பிரிட்டனில் 1,100-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2015-ல் வெளியான ஆய்வில் அதனால் பலன் தெரியவில்லை. 3,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த சீன ஆய்வு 2017-ல் வெளியானது. குழாயின் கீழ்ப்பகுதியில் உள்ள, 5 மில்லிமீட்டரைவிடப் பெரிய கல்லுக்கு அது உதவுவதாக அந்த ஆய்வு காட்டியது. அதாவது எல்லாருக்கும் பொதுவான மாத்திரை அல்ல. பக்கத்து வீட்டுக்காரரின் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வாங்காதீர்கள்.

யூரிக் அமிலக் கல்லை மட்டும் மருந்தாலேயே கரைக்க முடியும். சிறுநீரின் அமிலத் தன்மையைக் குறைக்கும் பொட்டாசியம் சிட்ரேட் அதற்கு உதவுகிறது. கால்சியம் கல்லை அப்படிக் கரைக்கும் மருந்து கிடையாது. 'கல்லைக் கரைத்துத் தருகிறோம்' என்ற விளம்பரங்களைப் பார்க்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

பெரிய கல்லுக்கு மூன்று முறைகள் உண்டு. உடலுக்கு வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைப்பது ஒன்று; 1980-ல் ஜெர்மனியின் மூனிச் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குச் செய்யப்பட்டது. சிறுநீர்ப் பாதை வழியாகவே மெல்லிய குழாயைச் செலுத்தி லேசரால் பொடியாக்குவது இரண்டாவது. மிகப் பெரிய கல்லுக்கு முதுகுப் பக்கம் சிறு துளையிட்டு எடுப்பது மூன்றாவது. இவற்றைச் செய்யும் வசதி எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது, அரசுக் காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதை முதலில் விசாரியுங்கள். அதன் பிறகு நகையை எடுங்கள்.

2022-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு மருத்துவரிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைத் தருகிறது. வலி தரும் கல்லை எடுக்கும்போது, வலியில்லாமல் இருக்கும் சிறு கற்களையும் சேர்த்தே எடுத்தவர்களில் 16 சதவீதத்தினருக்கு மட்டும் மறுபடி தொல்லை வந்தது. சிறு கற்களை விட்டுவைத்தவர்களில் அது 63 சதவீதம். "கூட இருக்கும் சின்னக் கல்லையும் இப்போதே எடுத்துவிடலாமா, டாக்டர்?" என்று கேளுங்கள்.

மறுபடி வராமல் தடுக்கப் பல ஆண்டுகளாகத் தரப்பட்ட ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரையை, சுவிட்சர்லாந்தில் 416 பேரிடம் சோதித்தார்கள். வெற்று மாத்திரையைவிட அது குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை என்று 2023-ல் முடிவு வந்தது. நீங்கள் அதைச் சாப்பிட்டு வந்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். சிலருக்கு இரத்த அழுத்தத்துக்காகவும் கொடுத்திருப்பார்கள். மருத்துவரிடம் கேளுங்கள். தண்ணீரும் உணவுக் கட்டுப்பாடும் செய்வதை மாத்திரை செய்துவிடும் என்று மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

சாறுகளும் ஆபத்து அறிகுறிகளும்

வாழைத்தண்டுப் பொரியலும் பார்லிக் கஞ்சியும் உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. அவற்றை மட்டும் நம்பி நாட்களைக் கடத்துவதுதான் தவறு. சில சாறுகளில் நேரடி ஆபத்தும் உண்டு. ஆக்சலேட் மிகுந்த இரும்பன் புளிச் சாற்றை அதிகமாகக் குடித்துச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைக் கேரள மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

வலியுடன் காய்ச்சல் அல்லது குளிர் நடுக்கம், சிறுநீர் அறவே நின்றுபோவது, வாந்தியால் தண்ணீர்கூடத் தங்காதது, மருந்துக்கும் அடங்காத வலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கர்ப்பிணிகளும் ஒரே சிறுநீரகம் உள்ளவர்களும் வலி வந்த அன்றே செல்ல வேண்டும். அடைபட்ட சிறுநீரில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும்.

சிகிச்சைக்குப் பிறகு பலருக்கு உள்ளே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைப்பார்கள். அதைக் குறித்த நாளில் எடுத்தே ஆக வேண்டும். வலி போய்விட்டது, பயணச் செலவு வேறு என்று மாதக்கணக்கில் விட்டால் அதன் மீதே கல் படிந்து, எடுப்பதற்கே இன்னொரு அறுவை தேவைப்படும்.

குழந்தைக்குக் கல் வந்தால்

சிறு குழந்தைக்குக் கல் வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லீரல் அளவுக்கு மீறி ஆக்சலேட்டை உற்பத்தி செய்யும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறைபாடு வந்தால்தான் அது குழந்தைக்கு வரும். உறவுக்குள் திருமணம் செய்யும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்பு அதிகம். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. சீக்கிரம் கண்டறிந்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம் என்பதற்காகச் சொல்கிறோம். இதில் முக்கியமான ஒரு வகைக்கு லூமாசிரான் என்ற ஊசி மருந்து 2020-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அனுமதி பெற்றது. விலை மிக அதிகம் என்றாலும், முன்பு உறுப்பு மாற்று சிகிச்சை மட்டுமே வழியாக இருந்த இடத்தில் இது ஒரு நம்பிக்கை. குழந்தைக்குக் கல் இருந்தால் பரம்பரைக் காரணத்தையும் சோதிக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி கல் சிகிச்சைக்கு உதவி பெறும் குடும்பங்களின் கோப்பில் கல்லின் வகையையும், ஸ்டென்ட் எடுக்க வேண்டிய தேதியையும் குறித்து வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். அந்தத் தேதிக்கு முன்பு எங்களிடமிருந்து உங்களுக்கு அழைப்பு வரும், இன்ஷா அல்லாஹ். பயணச் செலவுக்குச் சிரமம் இருந்தால் தயங்காமல் அப்போதே சொல்லுங்கள். முன்பு உதவி பெற்றவர்கள் வீட்டில் இருக்கும் பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, எந்த வகைக் கல் என்று பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள், விளங்கவைக்க முயல்கிறோம். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தருவானாக.